மீன் தராசில் இருபத்தைந்து பவுண்டு

எல்ம் ரிட்ஜ், மினசோட்டா
ஏப்ரல் 9, 1996

அன்புள்ள மெர்ல்,

நலம் விசாரிப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஈஸ்டர் ஞாயிறன்று, நட்டநடு ஓடுபாதையில், என் மேல்வரிசைப் பல்செட்டு கழன்று மடியில் விழுந்தது. லவோன் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அதை அவள் என் சொந்தப் பல் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து எடுத்து, கைக்குட்டையில் துடைத்து, "இந்தா, உன் சாமான்" என்று கொடுத்தாள். அவ்வளவு சாதாரணமாகக் கொடுத்ததுதான் வலித்தது.

ஆறு வருஷம் என் கார் ஷெட்டில் ஆணி ஆணியாகக் கட்டிய விமானம். நாற்பது மணி நேரம் தனியாகப் பறந்து காட்டினால்தான் பக்கத்தில் ஆளை ஏற்றலாம் என்று சட்டம். அதையும் முடித்தேன். முதல் ஆள் பெண்டாட்டிதான் என்று எப்போதோ சொன்ன வாக்கு. மேலே போனோம், ஏரியைச் சுற்றினோம், எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இறங்கி, மூக்குச் சக்கரம் தரையைத் தொட்டு, வேகம் ஒரு சைக்கிளை முந்தும் அளவுக்குக் குறைந்ததும் ஆரம்பித்தது. கடையில் தள்ளுவண்டி எடுத்தால் ஒரு சக்கரம் மட்டும் இடமும் வலமுமாகப் பேயாடுமே, அந்த ஆட்டம். மீட்டர்கள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. தனியாகப் பறந்தபோதும் லேசாக ஆடும். அப்போதெல்லாம் தார் சரியில்லை என்று யால்மரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஓடுபாதையைப் பார்த்துக்கொள்பவன் அவன். என் புகாரைக் கேட்டு இரண்டு தடவை பெருக்கினான், பாவம்.

லவோன் இறங்கி நேராகக் காருக்குப் போனாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஓஷ்கோஷுக்கு இதுல நான் வரமாட்டேன், ஆரின். போறதா இருந்தா மெர்ல் கூடப் போறேன். அவர் விமானம் ஆடவே ஆடாது."

ஆகஸ்ட் ஆறாம் தேதி எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். நாட்டில் சொந்தக் கையால் விமானம் கட்டிய பைத்தியங்கள் அத்தனையும் அந்த வாரம் ஓஷ்கோஷில் வந்து இறங்கும். அங்கே அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விமானத்தையே கட்டினேன். உனக்குத் தெரியாததில்லை.

அவளுக்கு உன் விமானத்தைப் பற்றி எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அக்டோபரில் பெரியம்மா அடக்கத்துக்கு வந்தோம் அல்லவா, நான் சர்ச்சின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ அவளை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விமானத்தைக் காட்டினாய். நாற்பது நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தேன் என்று நினைக்காதே. நாற்காலி நூற்றிருபது. நிமிஷத்துக்கு மூன்று.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே ஏரியில் இன்னும் ஐஸ். விமானப் பாகங்கள் அடைத்த ஒரே மாதிரிப் பெட்டி வாங்கி, ஒரே மாதிரி வரைபடத்தை வைத்துக் கட்டினோம். உன்னுடையது மட்டும் ஏன் ஆடவில்லை? மூன்று மாதம் மூத்த பெரியம்மா மகன் என்பதற்காக உன்னை அண்ணே என்று கூப்பிட மாட்டேன் என்று நாலு வயதிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன், சொல்லிக்கொடு.

உன்,
ஆரின்


ஹேடன் கவுண்டி, அயோவா
ஏப்ரல் 20

அன்புள்ள ஆரின்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. லவோனைக் கேட்டதாகச் சொல்.

மூக்குச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் உச்சியில் ஒரு பெரிய நட்டு இருக்கிறது. அது தளர்ந்திருந்தால் சக்கரம் ஆடும். வாலில் பாரம் ஏற்றி மூக்கைத் தரையிலிருந்து தூக்கு. ஸ்பிரிங் தராசைச் சக்கரத்தின் அச்சில் மாட்டிப் பக்கவாட்டில் இழு. இருபத்தைந்து பவுண்டு காட்டும்போதுதான் ஃபோர்க் நகரத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னாலேயே நகர்ந்தால் நட்டை இறுக்கு. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

என்னுடையதில் ஆட்டம் எதுவும் இல்லை.

ஓஷ்கோஷ் பற்றி இப்போது சொல்ல முடியாது. சோளம் விதைக்க வேண்டும்.

மெர்ல்


எல்ம் ரிட்ஜ்
ஏப்ரல் 28

அன்புள்ள மெர்ல்,

நாங்கள் இருவரும் உடம்புக்கு நலம். என் முதுகை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே, நேற்று முழுக்க விமானத்துக்கு அடியில் கிடந்தது.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். உப்புத்தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்கு வாங்கி வைத்திருந்த உப்பு மூட்டை நான்கை வாலில் கட்டினேன். மூக்கு மெல்லத் தூக்கிக்கொண்டது, சர்ச்சில் காணிக்கைத் தட்டு வரும்போது பெரியப்பா மோட்டுவளையைப் பார்ப்பாரே, அந்த மாதிரி. மீன் தராசை மாட்டி இழுத்தேன். இருபதிலேயே ஃபோர்க் நகர்ந்தது. ஆஹா, பிடித்துவிட்டேன் என்று நட்டை இறுக்கினேன். இழுத்தேன். இறுக்கினேன். சரியாக இருபத்தைந்து. யால்மரை சாட்சிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சேதான்பா. உன் வாழ்க்கையில ஏதோ ஒண்ணு புத்தகத்துல போட்ட மாதிரி இருக்கு" என்றான்.

ஓட்டிப் பார்த்தேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பல்செட்டு இடத்தில் நிற்கிறது, ஆனால் கன்னம் ஆடுகிறது. அப்புறம் டயர்க் காற்றைக் குறைத்தேன், சக்கரத்தைக் கழற்றி எடை சமன் செய்தேன், அச்சை மாற்றினேன். அதே கன்னம், அதே ஆட்டம்.

உண்மையைச் சொல், நீ எதையோ ஒளிக்கிறாய். "ஆட்டம் எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் எழுதினாயே, அந்த வரியை இரண்டு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பீற்றிக்கொள்ளவாவது செய்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

லவோன் இப்போது மஞ்சள் கழுத்துத்துணி ஒன்று தைக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "மெர்லோட விமானம் நீலம். நீலத்துக்கு மஞ்சள் எடுப்பா இருக்கும்" என்கிறாள். என்னுடையது சிவப்பு. சிவப்புக்கு என்ன எடுப்பாக இருக்கும் என்று கேட்டேன். ஹெல்மெட் என்றாள். சர்ச்சுத் தையல் கூட்டத்திலும் சொல்லிவிட்டாளாம், மெர்ல் கூட ஓஷ்கோஷ் போகிறேன் என்று. இனி நான் காபிக் கடைக்குள் எந்த முகத்தோடு நுழைவது? இந்த வாரம் பத்திரிகையில் என் நகைச்சுவைப் பத்திக்கு ஒன்றுமே ஓடவில்லை. கடைசியில் தார்ச் சாலைகளைத் திட்டி எழுதினேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு போகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுது.

ஆரின்


எல்ம் ரிட்ஜ்
மே 19

மெர்ல்,

நீ நலமாகத்தான் இருப்பாய், ஆடாத விமானம் வைத்திருப்பவனுக்கு என்ன குறை. மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஒரு வார்த்தைதான் கேட்டேன்.

உன் மௌனத்துக்கு யால்மர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறான். "சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு இருப்பான், விடு." நானும் அதைத்தான் நினைத்தேன், ஆனால் அவன் வாயால் கேட்டபோது பிடிக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது வரை நீ ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றும் கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை லவோன் தோட்டத்து ரூபார்ப் தண்டை வெட்டிப்போட்டு ரூபார்ப் பை என்ற அந்த இனிப்புப் பலகாரத்தைச் சுட்டாள். ஆறவைக்கும்போது, "மெர்லுக்கு இது ரொம்பப் பிடிக்கும், இல்ல?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கடைக்குப் போயிருந்தபோது முழுப் பலகாரத்தையும் நான் ஒருத்தனாகத் தின்றேன். மூன்று நாள் வயிறு சரியில்லை. இதை யாரிடமும் சொல்லாதே.

ஆட்டம் அப்படியே இருக்கிறது. இதற்கெல்லாம் நீ பதில் போட்டால் நான் செத்துப்போக மாட்டேன்.

ஆரின்


ஹேடன் கவுண்டி
ஜூன் 8

அன்புள்ள ஆரின்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மழையில் விதைப்பு தள்ளிப்போய்விட்டது. வயிறு சரியாகிவிட்டது என்று நம்புகிறேன்.

உன் ஏப்ரல் கடிதத்தை மறுபடியும் படித்தேன். மீன் தராசு என்று எழுதியிருக்கிறாய். எந்த மீன் தராசு? பச்சை வர்ணம் அடித்த அந்தப் பழையதா?

பத்துப் பவுண்டு சர்க்கரை மூட்டை ஒன்றை அதில் தொங்கவிட்டுப் பார்.

லவோனிடம் சொல், என் எஞ்சினுக்குப் பொறி தரும் மாக்னெட்டோவைப் பழுது பார்க்க அனுப்பியிருக்கிறேன், எப்போது வரும் என்று தெரியவில்லை. ஓஷ்கோஷில் அந்த வாரம் பக்கக் காற்றும் அதிகமாக இருக்கும் என்கிறார்கள்.

மெர்ல்


எல்ம் ரிட்ஜ்
ஜூன் 13

அன்புள்ள மெர்ல்,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், நான் எழுதப்போவதைப் படித்த பிறகும்.

சர்க்கரை மூட்டையைத் தொங்கவிட்டேன். மூட்டையில் பத்து என்று அச்சடித்திருக்கிறது. முள் பதினான்கில் நின்றது.

மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஷெட்டில் ரொம்ப நேரம் நின்றேன். உன் கடிதத்தைப் படித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது, பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் அதை எப்படி மறந்தேன் என்று கேட்காதே. மறக்க வேண்டும் என்று நினைத்து மறந்தது ஆச்சே, நன்றாகவே மறந்திருந்தேன்.

1965 ஆகஸ்ட். லவோன் அப்பாவின் ஏரிக்கரை விடுதி. மீன்போட்டி. அவரவர் படகு, அவரவர் தராசு, அவரவர் வாய்ச்சொல். கரையில் பலகையில் எடையைக் கிறுக்கிவிட்டு மீனை நேரே எண்ணெய்ச் சட்டியில் போட்டுவிடுவார்கள், பொய் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றாது. ஜெயித்தவனுக்கு அன்று மாலை விடுதிக்காரர் மகளோடு முதல் நடனம். நீ ஆறு பவுண்டு என்று எழுதினாய். நான் ஏழு என்று எழுதினேன்.

அதற்கு முந்தின நாள் அம்மாவின் அடுப்பில் அந்தத் தராசின் ஸ்பிரிங்கைச் சுடவைத்து இளக்கியிருந்தேன். என் மீன் ஐந்து பவுண்டுதான், மெர்ல்.

நீ அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாய். கோடு போட்டது. அதுவும் இப்போது ஞாபகம் வருகிறது, சனியன். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். நீதான் மாப்பிள்ளைத் தோழன்.

ஆக நான் ஃபோர்க்கில் வைத்த இருபத்தைந்து பவுண்டு உண்மையில் பதினெட்டு. ஆடாமல் என்ன செய்யும்? இனி நீ லவோனைக் கூட்டிக்கொண்டு போனாலும் நான் வாயைத் திறக்க முடியாது. அதற்காகத் திறக்காமல் இருப்பேன் என்று அர்த்தமில்லை. உன் நீல விமானத்தில் அவள் மஞ்சள் துணி பறக்கப் போவதை நினைத்தால் இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. நான் திருந்திவிட்டேன் என்று எண்ணிவிடாதே.

என்னை மன்னித்துவிடு, அண்ணே.

ஆரின்


ஹேடன் கவுண்டி
ஜூன் 29

அன்புள்ள ஆரின்,

இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது. சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

புதுத் தராசு வாங்க வேண்டாம். அந்தப் பச்சைத் தராசிலேயே முப்பத்தைந்து காட்டும்வரை இறுக்கு. கணக்குச் சரியாகிவிடும்.

மீனைப் பற்றி. உன் மீனை அன்றைக்குப் படகிலிருந்து கரைக்குத் தூக்கிக் கொடுத்தது நான்தான். தூக்கும்போதே தெரிந்தது. லவோன் அப்போது படகுத்துறையில் நின்று யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் தெரிந்தது. அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சட்டை எனக்குச் சின்னது, என் தம்பி பிறகு வயலுக்குப் போட்டுக்கொண்டான்.

மெர்ல்


எல்ம் ரிட்ஜ்
ஜூலை 8

அன்புள்ள மெர்ல்,

சனிக்கிழமை உன் வீட்டுக்குப் பறந்து வந்துவிட்டுப் போனது கனவு மாதிரி இருக்கிறது. வீடு திரும்பியதும் லவோன் கேட்ட முதல் கேள்வி, "மெர்ல் இளைச்சுப் போயிருக்காரா?" இல்லை, அயோவாவில் யாரும் இளைப்பதில்லை என்றேன். முழங்காலுக்கு நீ தைலம் தடவுகிறாய் என்றும் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன்னைவிட நான் முன்னால் இருக்கிறேன்.

எப்படி இறங்கினேன், பார்த்தாய் அல்லவா? பச்சைத் தராசில் முப்பத்தைந்து. உன் புல்தரையில் மூக்குச் சக்கரம் தொட்டதும், கோப்பையில் ஊற்றி வைத்த காபிகூட அசையாது. பல்செட்டைக் கழற்றி மேல்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்கினேன், முன்னெச்சரிக்கை. தேவையே படவில்லை. பல் இல்லாமல் உனக்கு வணக்கம் சொன்னதுதான் மிச்சம்.

ஆனால் என் பழைய நோய் அங்கேயே திரும்பிவிட்டது, அண்ணே. நீ முட்டை சாண்ட்விச் செய்ய உள்ளே போனபோது உன் விமானத்துக்கு அடியில் மண்டியிட்டுப் பார்த்தேன். திருட்டுத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். உன் சுவரில் மாட்டியிருந்த தராசை எடுத்து உன் ஃபோர்க்கை இழுத்தேன். இருபத்தைந்து, முடி பிசகாமல். விமானத்தின் அடிவயிற்றில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை. என்னுடையதைப் பார்த்தால் மீன் பொரித்த சட்டி மாதிரி இருக்கும். அதைக்கூட விடு. டயர்! புது டயரில் பிசிறு பிசிறாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, என்னுடையதில் அது இரண்டாவது நாளே தேய்ந்து போனது. உன்னுடையதில் அத்தனையும் அப்படியே நிற்கிறது. இரண்டு வருஷமாகப் பறக்கிற டயரா அது? எப்படியடா இறங்குகிறாய் நீ, பஞ்சு மேலேயா? திரும்பி வரும் வழியெல்லாம் முந்நூறு மைல் அந்த டயரைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு சுற்று என்னோடு சேர்ந்து பறந்திருக்கலாம். அந்த மாக்னெட்டோக்காரன் எத்தனை வாரம்தான் எடுத்துக்கொள்வான்?

லவோனிடம் ஆட்டம் போய்விட்டது என்றேன். "அப்படியா" என்றாள். மெர்ல் ஓஷ்கோஷ் வருவது சந்தேகம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்திரம் தேய்த்துவிட்டு, "அப்ப உன் கூடத்தான் வந்து தொலைக்கணும்" என்றாள். ஆறு வருஷம் உழைத்த மனிதனுக்குக் கிடைத்த மரியாதையைப் பார். நீ வருகிறேன் என்று ஒரு வரி போட்டால் அவள் மனசு மாறிவிடும். போட்டுவிடாதே.

ஆரின்


ஹேடன் கவுண்டி
ஜூலை 15

அன்புள்ள ஆரின்,

நீ வந்தது எனக்குச் சந்தோஷம். நன்றாக இறங்கினாய். தைலம் தீர்ந்துவிட்டது, வேறு ஒன்று வாங்கியிருக்கிறேன்.

ஓஷ்கோஷுக்கு நான் வரவில்லை. லவோனிடம் சொல், அந்த மஞ்சள் சிவப்புக்கும் எடுப்பாக இருக்கும்.

டயரை நான் அதிகம் தேய்ப்பதில்லை.

மெர்ல்


எல்ம் ரிட்ஜ்
ஆகஸ்ட் 12

அன்புள்ள மெர்ல் அவர்களுக்கு,

உங்கள் முழங்காலுக்குப் புதுத் தைலம் கேட்கிறதா? கூடவே ரூபார்ப் பை அனுப்பியிருக்கிறேன். போன தடவை சுட்டது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும், அதனால் இதை அடுத்த வீட்டு அடுப்பில் சுட்டேன்.

ஓஷ்கோஷ் போய் வந்தோம். ஆட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, விஸ்கான்சின் எல்லை தாண்டும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தபோது ஆரின் பாடிக்கொண்டிருந்தார், ஆகையால் மறுபடியும் மூடிக்கொண்டேன். இறங்கினதும் அத்தனை ஜனங்களுக்கு நடுவில் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார், ஏதோ நான் அவர் பிடித்த மீன் மாதிரி. மீன் கதையையும் அங்கே வைத்துத்தான் சொன்னார். அழுதார். ஏழோ ஐந்தோ, அன்றைக்கு நான் அவர் மீனைப் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். அதற்கும் அழுதார்.

இன்னும் உங்கள் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எங்கே யார் விமானத்தைப் பார்த்தாலும் மண்டியிட்டு டயரைப் பார்க்கிறார். "மெர்லோடது மாதிரி ஒண்ணுகூட இல்ல, லவோன்" என்கிறார்.

நான் உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நாலு மாதமாக உங்கள் பேரைச் சொல்லி அவரை வதைத்துவிட்டேன். எனக்குக் கையால் கட்டின விமானம் எதிலுமே ஏறப் பயம். அதைச் சொன்னால் அவர் உடைந்துபோவார். போனால் மெர்ல் கூடத்தான் போவேன் என்று சொல்லிவிட்டால், எதிலும் ஏறாமல் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உங்களை எவ்வளவு சங்கடப்படுத்தியிருப்பேன் என்று அப்புறம்தான் உறைத்தது. மாக்னெட்டோ, பக்கக் காற்று என்று நீங்கள் எழுதினதை எல்லாம் அவர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன்.

அக்டோபரில் உங்கள் அம்மாவின் நினைவு நாளுக்கு வருகிறோம். அவரை மறுபடியும் நாற்காலி அடுக்க அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு இஷ்டமிருந்தால், புல்தரை முனைவரைக்கும் சும்மா உருட்டிக்கொண்டு போய் வரலாம். பறக்க வேண்டாம். நான் சிறகு ஓரமாக நடந்தே வருகிறேன், சட்டத்துக்கும் குற்றமில்லை, எனக்கும் பயமில்லை.

போன அக்டோபரில் உள்ளே உட்கார்ந்து பார் என்று சொல்லிவிட்டு நீங்கள் வெளியே திரும்பி நின்றுகொண்டிருந்தீர்கள். பறந்த மணியைக் காட்டும் மீட்டர் என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. நான்கு இடத்திலும் சைபர்.

அன்புடன்,
லவோன்